அரியருக்குப் பால் ஊத்தாதீங்க

மக்களே, முதலில் ஒரு விளக்கம். இது பரீட்சை பற்றிய கட்டுரை இல்ல. நம்ம பாய்ஸ் ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் பின்னாடி, தட்டு கழுவுற தொட்டிக்குப் பக்கத்துல ஒரு சாம்பல் கலர் பூனை சுத்துமே, அதோட பேருதான் அரியர். எத்தனை தடவை துரத்தினாலும் அடுத்த செமஸ்டர் திரும்பி வந்து நிற்கும் என்பதால் சீனியர்கள் வைத்த பெயர். அவர்கள் எல்லாம் பாஸ் ஆகிப் போய்விட்டார்கள். அரியர் மட்டும் இங்கேயே இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் தினமும் யாராவது ஒருத்தர் ஒரு டம்ளர் பாலோடு போவார். பழைய டப்பா மூடி ஒன்றில் ஊற்றுவார். அரியர் நக்கும். நாம் சுற்றி நின்று வீடியோ எடுப்போம். எல்லாருக்கும் மனசு குளிர்ந்துவிடும். காலையில் மாடிப்படிக்குக் கீழே தண்ணி தண்ணியா போயிருக்கும். அதைக் கழுவுவது நாம் இல்ல, கூட்டுற அக்கா. போன வாரம் அவர் போட்ட சத்தம் மூணாவது மாடி வரைக்கும் கேட்டது: "எவன்டா அது, தினமும் இதுக்குப் பால் ஊத்துறது? உயிரோட இருக்கும்போதேவா?"

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனா ரூமுக்கு வந்து படுத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரல. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஸ்கூல் முழுக்க இங்கிலீஷ் மீடியம் படித்தவன், தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுவது இதுதான் முதல் முறை. ஒற்றுப் பிழை இருந்தால் எடிட்டர் பார்த்துக்கொள்வார். விஷயத்தை மட்டும் நீங்க பாருங்க.

ஜிம்மி

எங்க வீட்டில் ஜிம்மி என்று ஒரு பொமேரியன் இருந்தான். வெள்ளை நிறம், ஆறு கிலோ. நான் எட்டாவது படிக்கும்போது வந்தவன். ரெண்டாம் வருஷம் தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அம்மா கேசரிக்காக முந்திரியும் உலர் திராட்சையும் வாங்கி வைத்திருந்தார். நான் சும்மா இருக்காமல் ஜிம்மிக்கு 'ஷேக் ஹேண்ட்' சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். கை குடுத்தா ஒரு திராட்சை. அரை மணி நேரத்தில் பயல் கற்றுக்கொண்டான். நூறு கிராம் பாக்கெட்டில் மூணில் ஒரு பங்கு காலி. தங்கச்சி அதை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தாள்.

அன்று ராத்திரி வாந்தி எடுத்தான். பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்துவிட்டான் என்று நினைத்தோம். அம்மா தண்ணி ஊற்றி வாசலைக் கழுவிவிட்டார். மறுநாள் எதுவும் சாப்பிடல, கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தான். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "என்ன தம்பி குடுத்தீங்க?"

"புதுசா எதுவும் குடுக்கல சார். வீட்டுச் சாப்பாடுதான்."

நான் பொய் சொல்லல. என் மனசில் திராட்சை ஒரு கணக்கிலேயே வரல. நாம சாப்பிடுற பொருள்தானே, சத்தானதுதானே, அதில் என்ன இருக்கு? வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார். மூணாம் நாள் சிறுநீர் போவது நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எலி மருந்து ஏதாவது வெச்சிருந்தீங்களா? மனுஷ மாத்திரை எதையாவது கடிச்சானா? திராட்சை?

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

ட்ரிப்ஸ் போட்டார்கள். அஞ்சாம் நாள் காலையில் போய்விட்டான். வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்துக்குக் கீழே புதைத்தோம். அப்பா உள்ளே போய் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து ஊற்றினார். அதனால்தான் அந்த அக்கா சொன்னதற்கு எனக்குச் சிரிப்பு வரல.

டாக்டர் மேல் எந்தத் தப்பும் இல்ல. அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். நான் தப்பான பதில் சொன்னேன். தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் கொண்டுபோயிருந்தால் வாந்தி எடுக்க வைத்து, உடனே ட்ரிப்ஸ் ஏற்றிக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு இருந்திருக்கும். அந்த நேரத்தில் நான் ஸ்டேட்டஸுக்கு எத்தனை வியூ என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

திராட்சை நாய்க்கு ஆகாது என்பது இருபது வருஷத்துக்கு மேலாகவே கால்நடை மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். உலர் திராட்சை என்றால் உடம்பு எடையில் கிலோவுக்கு 3 கிராமுக்கும் குறைவான அளவிலேயே கிட்னி கெட்ட கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. ஆறு கிலோ ஜிம்மிக்கு நான் கொடுத்தது அதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. சில நாய்கள் நிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் தப்பிக்கின்றன. அதனால்தான் "எங்க வீட்டு நாய் நிறைய தின்னுருக்கு, ஒண்ணும் ஆகல" என்று சொல்ல எப்பவும் ஒருத்தர் கிடைப்பார்.

என் கருத்து இதுதான்

அன்பு இருக்கிறவர்கள் கையால்தான் இந்தப் பிராணிகள் அதிகம் கெடுகின்றன. வெறுக்கிறவன் கல்லை எடுப்பான், நாய் ஓடிவிடும். பாசமா பிஸ்கட் நீட்டுறவனைப் பார்த்து அது ஓடாது, வாலை ஆட்டிக்கொண்டு பக்கத்தில் வரும். அந்த நம்பிக்கையை வாங்கிக்கொள்கிறவனுக்கு ஒரு கடமை இருக்கிறது: என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பது. 'எனக்குத் தெரியாது' என்பது இதில் சாக்கு இல்ல. போன் கையில் இருக்கிற நமக்கு நிச்சயமா இல்ல.

நாம் இன்ஜினியரிங் படிக்கிறோம். 3.3 வோல்ட் பின்னில் 5 வோல்ட் கொடுப்போமா? முதலில் டேட்டா ஷீட்டைத் திறந்து பார்ப்போம். ஒரு போர்டு எரிந்தால் லேப் அசிஸ்டென்ட் திட்டுவார் என்ற பயம் இருக்கு. உயிர் இருக்கிற ஒரு வயிற்றுக்குள் போடும்போது மட்டும் அந்தப் பயம் எங்கே போகிறது?

பூனையின் டேட்டா ஷீட்

அரியரிடமிருந்தே ஆரம்பிப்போம். பாலூட்டிகளில் பெரும்பாலானவை வளர வளர லாக்டேஸ் என்ற நொதியைக் குறைத்துக்கொள்ளும். பாலில் இருக்கும் சர்க்கரையைச் செரிக்க அந்த நொதி வேண்டும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது போதாது. செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, தண்ணியாக வெளியே வரும். மாடிப்படிக்குக் கீழே நடப்பது அதுதான். பால் குடித்து அரியர் செத்துவிடாது. ஆனா ஒரு டம்ளர், 150 மில்லி பால், சுமார் 100 கிலோ கலோரி. மூணு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவையானது ஏறக்குறைய 200. அதாவது நாள் தேவையில் பாதியை அடைத்துவிட்டு, அதையும் வயிற்றில் தங்கவிடாமல் வெளியே அனுப்புகிறோம்.

அடுத்தது இனிப்பு. ஐஸ்கிரீம் கப்பை அது நக்குவதைப் பார்த்து "பாருடா, ஸ்வீட்னா உசுரு" என்போம். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பை உணர்கிற ஏற்பியின் மரபணுக்களில் ஒன்று பூனையில் வேலை செய்யாது என்று 2005இல் கண்டுபிடித்துவிட்டார்கள். அது தேடுவது அந்தக் கப்பில் இருக்கும் கொழுப்பை.

பூனை மாமிச உண்ணி. பழக்கத்தால் இல்ல, உடம்பின் அமைப்பே அப்படி. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நாம் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்வோம். பூனையால் முடியாது, தயாரான வைட்டமின் ஏ வேண்டும். டாரின் என்ற பொருளையும் தேவையான அளவுக்கு அதால் செய்துகொள்ள முடியாது. டாரின் யாருன்னு தெரியுதா? செமஸ்டருக்கு முன்னாடி ராத்திரி நீங்க குடிக்கிற எனர்ஜி ட்ரிங்க் டப்பாவில் எழுதியிருக்குமே, அதேதான். 1827இல் காளையின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் லத்தீனில் காளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர். டப்பாவில் வருவது ஃபேக்டரியில் தயாரித்தது, பயப்பட வேண்டாம். அதற்காக அந்த ட்ரிங்கைப் பூனைக்கு வைத்துவிடாதீர்கள், அதில் கஃபீன் இருக்கிறது.

டாரின் இல்லாத பூனைக்கு விழித்திரை கெட்டுக் கண் போகும் என்பது 1975இல் தெரிந்தது. இதயத் தசை தளர்ந்து செத்தும் போகும் என்பது 1987இல் தெரிந்தது. டாரின் இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அரிசியில் இல்லை, பருப்பில் இல்லை, தயிர் சாதத்தில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நாய்க்கான தீனியைப் பூனைக்குப் போட்டு மாதக்கணக்கில் ஓட்டுவதும் இதே காரணத்தால் ஆபத்து.

இன்னொன்று, இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீங்க. போன வருஷம் அரியர் பின்னங்காலை நொண்டியபோது எதிர் ரூம் நண்பன் பாராசிட்டமால் 650-ஐ உடைத்து, பாதியைப் பாலில் கலக்கப் போனான். "மச்சான், வலிக்குதுல்ல, பாவம்டா" என்றான். கையைப் பிடித்துவிட்டேன். நம் கல்லீரல் பாராசிட்டமாலை வெளியேற்றும் முக்கியமான வழி பூனைக்குக் கிட்டத்தட்டக் கிடையாது. அந்த மருந்து உடைந்து வரும் பொருள், ரத்தம் ஆக்சிஜன் தூக்கும் திறனையே கெடுத்துவிடும். ஈறு பழுப்பாகும், முகமும் பாதமும் வீங்கும். கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே விஷமான கேஸ்கள் உண்டு. மூணு கிலோ பூனைக்கு அரை மாத்திரை என்றால் கிலோவுக்கு 108 மில்லிகிராம். கணக்கு உங்களுக்கே தெரியும்.

பிஸ்கட் கணக்கு

இனி நாய். உங்க தெருவில், வீட்டில், டீக்கடை வாசலில் எல்லாம் நடப்பது பிஸ்கட் வழிபாடு. நானும் செய்திருக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. சும்மா படுத்திருக்கும் பிராணிக்கு ஒரு நாளைக்குத் தேவையான கிலோ கலோரி = 70 × எடையின் 0.75 அடுக்கு. எடை கிலோவில். பத்து கிலோ நாய்க்குக் கால்குலேட்டரில் தட்டினால் சுமார் 394 வரும். கருத்தடை செய்த, சாதாரணமாக ஓடியாடும் வளர்ந்த நாய் என்றால் அதை 1.6 ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 630. தின்பண்டம் எல்லாம் சேர்த்து இதில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொதுவான விதி. அதாவது 63.

ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் சுமார் 20 கிலோ கலோரி. அப்போ ஒரு நாளைக்கு மூணு பிஸ்கட். மூணு பாக்கெட் இல்ல, மூணே மூணு. அதுவும் நீங்க மட்டும் கொடுக்கிறீங்க, வேற யாரும் கொடுக்கல என்றால்.

50 கிராம் பாக்கெட் ரெண்டு உள்ளே போனால் 450 கிலோ கலோரி. அன்றைய பசியில் பெரும்பகுதி தீர்ந்தது. அதில் புரதம் எவ்வளவு? சுமார் 7 கிராம். வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடையில், குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும் என்பது அமெரிக்காவில் தீவன அளவுகோல் வகுக்கும் அமைப்பின் கணக்கு. பூனைக்கு 26. குட்டிகளுக்கு இன்னும் அதிகம். பிஸ்கட்டில் 7 சதவீதம்தான், சர்க்கரையோ கால் பங்கு. வயிறு நிறைந்துவிடும், உடம்பு பட்டினி கிடக்கும். முடி கொட்டிக்கொண்டு, ஆனா குண்டாக இருக்கிற வீட்டு நாய்களில் எத்தனைக்குப் பிஸ்கட்தான் முக்கிய உணவு என்று அந்தந்த வீட்டில் கேட்டுப் பாருங்க.

விருந்து ஆபத்து

சாக்லேட்டைப் பலருக்கும் தெரியும், ஆனா காரணம் தெரியாது. அதில் இருக்கும் தியோப்ரோமினை நாயின் உடம்பு ரொம்ப மெதுவாகத்தான் வெளியேற்றும், ஹாஃப் லைஃப் 17 மணி நேரத்துக்கு மேல். கிலோவுக்கு 20 மில்லிகிராமில் வாந்தி, படபடப்பு தொடங்கும். 60-ஐத் தொட்டால் வலிப்பு வரலாம். நூறு கிராம் மில்க் சாக்லேட்டில் 150 முதல் 200 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் 500 அளவுக்கு இருக்கும். கோகோ பவுடரில் அதைவிடப் பல மடங்கு. ஹாஸ்டல் பர்த்டேக்கு மூஞ்சியில் பூசி மீதியான சாக்லேட் கேக்கைக் கேம்பஸ் நாய்க்கு வைக்கிறோமே, அதை இந்தக் கணக்கோடு யோசிங்க.

ஜிம் போகிற நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. சுகர் ஃப்ரீ பபிள்கம், சில பீனட் பட்டர் ஆகியவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. நாய்க்கு அது இன்சுலினைக் கொட்ட வைத்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சர்க்கரையைத் தரைமட்டமாக்கும். அளவு கூடினால் கல்லீரலையும் கெடுக்கும். டப்பாவின் பின்பக்கம் படிக்காமல் ஸ்பூனை நீட்டாதீங்க.

ஆனா நம்ம ஊரில் பெரிய ஆபத்து சாக்லேட் இல்ல, குழம்புதான். வெங்காயமும் பூண்டும் நாய், பூனை ரெண்டின் சிவப்பணுக்களையும் உடைக்கும். வேக வைத்தாலும், வதக்கினாலும், பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம், நாய்க்கு 15 கிராமிலிருந்து ரத்தத்தில் மாற்றம் தெரிந்திருக்கிறது. இன்னொரு சிக்கல், இது உடனே காட்டாது. சில நாள் கழித்து ஈறு வெளுத்து, மூச்சு வாங்கும்போது திங்கட்கிழமை போட்ட சாம்பார் சாதம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

புளியையும் சொல்ல வேண்டும். திராட்சையில் கிட்னியைக் கெடுப்பது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். 2022இல் வந்த கட்டுரையில், புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி கிட்னி பாதித்ததைப் பதிவு செய்தார்கள். புளியில் அந்த அமிலம் நிறைய. ஒரு கரண்டி ரசத்தில் உங்க நாய் செத்துவிடும் என்று பயமுறுத்த வரல. ஆனா வெங்காயம், பூண்டு, புளி, உப்பு நாலும் சேர்ந்த குழம்பைத் தினமும் பிசைந்து வைப்பது நல்ல யோசனை இல்ல. பிரியாணி எலும்பும் அப்படித்தான். வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

இதுக்கெல்லாம் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. எங்க அம்மா கண்டுபிடித்தது: தாளிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வை. உப்பு, மசாலா, வெங்காயம் விழுவதற்கு முன்னால் வெந்த கோழித் துண்டு, வெந்த முட்டை, வெந்த பரங்கிக்காய், சோறு எல்லாம் நாய்க்கு நல்லதுதான். அதன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிட்டு நம் சமையலைத் தொடரலாம். தனி அடுப்பு வேண்டாம், தனிக் கரண்டி போதும். ஒன்று மட்டும் கவனம்: வெறும் சோறும் கறியும் வருஷக்கணக்கில் போட்டால் கால்சியம் போதாது, எலும்பு மெலியும். வளரும் குட்டிக்கு இது ரொம்ப முக்கியம். எதைச் சேர்க்க வேண்டும், எவ்வளவு என்று டாக்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்க.

நீங்க கேட்கப்போறது எனக்குத் தெரியும்

"எங்க தாத்தா காலத்துல நாய் பழைய சோறு தின்னு நல்லாத்தானே இருந்துச்சு?" பாதி நியாயம். சோறு வில்லன் இல்ல. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணுவின் நகல்கள் ஓநாயைவிட நாயில் பல மடங்கு அதிகம் என்று 2013இல் காட்டினார்கள். மனுஷனோடு சேர்ந்து வாழ்ந்து வாழ்ந்து நாய் சோற்றுக்குப் பழகிய பிராணி. ஆனா தாத்தா காலத்து நாய் சோற்றோடு எலியும் தின்றது, மீன் தலையும் தின்றது. அது எத்தனை வயசில் செத்தது, எதனால் செத்தது என்று யாரும் எழுதி வைக்கல. திரும்பி வந்த விமானங்களில் மட்டும் குண்டு துளைத்த இடங்களை எண்ணின கதை நமக்குத் தெரியும்தானே? பிழைத்த நாய்கள்தான் தாத்தாவின் ஞாபகத்தில் இருக்கின்றன.

"இதெல்லாம் பெட் ஃபுட் கம்பெனிக்காரன் வியாபாரம்டா." இதிலும் விஷயம் இருக்கு. 2007இல் அமெரிக்காவில் மெலமைன் கலந்த மூலப்பொருளால் பெட் ஃபுட் விஷமாகி, பெரிய அளவில் திரும்பப் பெறப்பட்டது. 'தானியம் இல்லாதது' என்று உயர்த்தி விற்ற நாய்த் தீனிகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று 2018இல் அங்கே அரசே விசாரிக்க ஆரம்பித்து, இருக்கும் தகவலை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது என்ற இடத்தில் நிற்கிறது. 1987இல் இதயம் கெட்ட பூனைகள் தின்றதும் கடைத் தீனியைத்தான். ஆனா அப்போது டாக்டர்கள் அளந்து பார்த்தார்கள், காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், கம்பெனிகள் டாரினைக் கூட்டின. நான் சொல்வது பாக்கெட்டைக் கும்பிடச் சொல்லி இல்ல, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லி. முழு உணவா, வெறும் தின்பண்டமா, எந்த வயசுக்கு, எவ்வளவு கிராம். முன்பக்கப் படத்தில் இருக்கும் நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பார்க்காதீங்க.

"எங்க வீட்ல சைவம்." நாய் என்றால் முட்டை, தயிர், பனீர் என்று டாக்டர் யோசனையோடு சமாளிக்கலாம். பூனை என்றால் வீட்டுச் சைவச் சமையலில் முடியாது. இது என் கருத்து, கோபம் வந்தாலும் பரவாயில்ல: பூனையின் தட்டில் மாமிசம் வைக்க மனசு வரல என்றால் பூனை வளர்க்காதீங்க. முயல் வளர்க்கலாம். நம் கொள்கையைக் கடைப்பிடிக்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு இன்னொரு உயிரின் கண்ணை விலையாகக் கொடுக்க உரிமை இல்ல.

தப்பு நடந்துடுச்சுன்னா

நடக்கும். எனக்கு நடந்தது. அப்போ செய்ய வேண்டியது இதுதான். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீங்க. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அதன் எடை என்ன, இந்த நாலையும் ஒரு பேப்பரில் எழுதி, பாக்கெட் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்க. வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணி ஊற்றாதீங்க, அந்த உப்பே விஷமாகும். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருந்தால் அங்கே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனை இருக்கிறது. மற்ற இடங்களில் அரசு கால்நடை மருத்துவமனை எங்கே என்று இன்றைக்கே தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. "என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டால் "எதுவும் இல்ல" என்று மட்டும் சொல்லாதீங்க. காலையிலிருந்து அதன் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் சொல்லுங்க, ஒரு திராட்சையாக இருந்தாலும்.

அரியர் விஷயத்துக்கு வருவோம். நாங்க அஞ்சு பேர் டீக்காசில் கொஞ்சம் போட்டு பூனைத் தீனி வாங்க ஆரம்பித்திருக்கிறோம். தண்ணிக்கு ஒரு மண் சட்டி வைத்திருக்கிறோம். கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். கூட்டுற அக்காவிடம் சொன்னேன். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார். மெஸ் பின்வாசலில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறேன், நாலு வரிதான், படிங்க. அடுத்த மே மாசம் நானும் பாஸ் ஆகிப் போய்விடுவேன் (எனக்கு அரியர் இல்லை என்றால்). அதுக்கப்புறம் அந்தச் சட்டியில் தண்ணி மாற்ற ஒரு ஜூனியர் வேணும். விருப்பம் இருக்கிறவங்க வந்து பேசுங்க.

இன்னிக்கு நைட் மெஸ்ஸில் முட்டை. மசாலாவில் போடுவதற்கு முன்னால் ஒரு வெந்த முட்டையை வாங்கி, பாதியை அரியருக்கு வைங்க. பால் டம்ளரை நீங்களே குடிச்சுடுங்க.